பொய் சொல்லாத மலை

ஹொக்கைடோத் தீவின் தென்மேற்கில், ஏறக்குறைய வட்டவடிவமாகப் பத்துக் கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து கிடக்கும் டோயா ஏரியின் தென்கரையில் ஒரு வெந்நீர் ஊற்று நகரம் இருக்கிறது. அங்கே நீராட வருகிறவர்கள் இறங்கும் தொட்டியின் நீரைச் சூடாக்குவது எந்த அக்கினியோ, அதே அக்கினிதான் நகரத்துக்குப் பின்னால் நிற்கும் ஊசு மலையைப் பிளந்துகொண்டு 1910, 1943-45, 1977-78, 2000 என்று ஒரே நூற்றாண்டில் நான்கு முறை வெளிப்பட்டு, வீட்டையும் வயலையும் வழியையும் நாசம் செய்தது. ஏரியே ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த மாபெரும் எரிமலை வெடிப்பு விட்டுச்சென்ற பள்ளத்தில் தேங்கிய நீர். 1910-இல் மலையின் வடசரிவு வெடித்த பின்னரே கரையோரத்தில் வெந்நீர் சுரப்பது கண்டறியப்பட்டது. 1917-இல் விடுதி எழுந்தது. பிறகு ஊர் உண்டாயிற்று. வாழ்வும் நாசமும் ஒரே கையிலிருந்து வருமானால், அந்தக் கையை மனிதன் எந்த மனத்தோடு கும்பிடுவது?

தொட்டியில் இறங்குமுன் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும் என்பது ஜப்பானியரின் ஸ்நான விதி. சிறு துண்டை மடித்துத் தலைமேல் வைத்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் ஒரு பேச்சும் இல்லாமல் அமர்ந்திருக்கும் முதியவர்களைப் பார்த்தால், அவர்கள் குளிக்கிறார்களா, ஜபம் செய்கிறார்களா என்ற சந்தேகம் வரும். ஜன்னலுக்கு அப்பால் ஏரியும், ஏரியின் நடுவே நாகாஜிமா தீவுகளும். மலை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அதைத் திரும்பிப் பார்ப்பவர் எவரையும் நான் காணவில்லை. சுகத்துக்கு மலை வேண்டும், தரிசனத்துக்கு ஏரி போதும் போலும்.

வாழ்வும் நாசமும் தரும் கையை எந்த மனத்தோடு கும்பிடுவது என்ற கேள்விக்குச் சமயவாதிகள் வழக்கமாகக் கூறும் விடை ஒன்று உண்டு. எரிமலைச் சாம்பல் மண்ணை வளமாக்குகிறது, ஊற்று நோயைத் தணிக்கிறது, தீமை அற்பம், நன்மை அனந்தம், ஆகவே ஈசுவர சங்கற்பத்தில் குறை காண்பதற்கில்லை என்று வரவு செலவுக் கணக்கை முடித்துவிடுவார்கள். எனக்கு இது சம்மதமில்லை. 1822-இல் இம்மலையிலிருந்து உருண்டு வந்த நெருப்பு மேகம் கடலோரத்து அபுதா குடியிருப்பைச் சுட்டழித்தது. 1978 அக்டோபரில் மலைமேல் படிந்திருந்த சாம்பல் மழையோடு கலந்து சேற்றுவெள்ளமாக இறங்கி, ஊற்று நகரத்தில் மூவரைக் கொண்டுபோயிற்று. ஒருவருடைய மரணத்தை இன்னொருவருடைய மூட்டுவலி நிவாரணத்தில் கழித்துக்கொள்ளும் கணக்கு, கடவுளுடைய கணக்காக இருக்க முடியாது. இருந்தால் அந்தக் கடவுளிடம் நமக்கு என்ன வேலை?

அந்நிலத்தின் ஆதிக்குடிகளான ஐனு மக்களிடம் இதைவிட நேர்மையான ஒரு முறை இருந்திருக்கிறது. அவர்களுக்குத் தீயும் கரடியும் மலையும் நீரும் கமுய் என்னும் தெய்வங்கள். ஆனால் அத்தெய்வங்கள் எட்டாத உயரத்தில் வீற்றிருப்பவை அல்ல, மனிதரோடு கொள்வினை கொடுப்பினை உடையவை. மனிதன் மதுவும், சீவிய மரக்குச்சிகளும் படைத்து மரியாதை செய்கிறான். தெய்வம் தன் பங்குக்குக் காக்கிறது. காக்கத் தவறினால், மூத்தவர் ஒருவர் எழுந்து, இத்தனை உபசாரமும் பெற்றுக்கொண்டு இப்படிச் செய்தாயே, இது உன் பதவிக்கு அடுக்குமா என்று தெய்வத்தைக் கண்டித்துப் பேசுவதும் வழிபாட்டுக்குள் அடங்கியதே. பயமும் நன்றியும் ஒரே நெஞ்சில் இருக்க இடம் கொடுத்து, அவற்றோடு கோபத்துக்கும் ஓர் ஆசனம் இட்ட சமயம் அது.

பௌத்தம் வேறு வழியாக வருகிறது. சத்தர்ம புண்டரீக சூத்திரத்தில் ஒரு கதை: வீடு பற்றி எரிகிறது, உள்ளே குழந்தைகள் விளையாட்டில் லயித்திருக்கிறார்கள், தந்தை அழகிய வண்டிகள் தருவதாக ஆசை காட்டி அவர்களை வெளியே வரவழைக்கிறான். சம்சாரமே அந்த வீடு. அப்படியானால் எரியும் வீட்டின் மேலேயே ஊரைக் கட்டி, அதன் வெப்பத்தில் நீராடி, கோடைகால இரவுகளில் ஏரியின் மேல் வாணவேடிக்கையும் விட்டு மகிழும் இம்மக்களை என்னவென்பது? அஞ்ஞானிகள் என்று சொல்லிவிடலாம். ஆனால் மலையின் தென்புறக் கடலோரத்தில், ஷோகுன் ஆட்சி 1804-இல் அங்கீகரித்த ஸென்கோஜி என்னும் அமிதாப புத்தர் ஆலயம், இத்தனை வெடிப்புகளுக்குப் பின்னும் அதே ஊசுவில்தான் இருக்கிறது. அநித்தியத்தைப் போதிக்கிறவர்களே இடம் பெயராதபோது, கேட்கிறவர்களை மட்டும் குறை கூறுவது அழகன்று.

வீட்டை விட்டு வெளியேறுவது ஒன்றே அநித்திய ஞானத்தின் பயன் என்று நாம் கொண்டிருப்பதுதான் இங்கே இடறுகிறது. மிமாட்சு மசாவோ என்ற தபால் அதிகாரியின் சரித்திரம் இதற்கு வேறொரு பொருள் காட்டுகிறது. இளமையில், 1910 வெடிப்பை ஆராய வந்த ஓமோரி முதலிய நிபுணர்களுக்கு வழிகாட்டிய அவர், 1943 டிசம்பர் இறுதியில் பூமி அதிரத் தொடங்கியபோது ஊரிலேயே இருந்தார். கோதுமை வயல் ஒன்று மெல்ல மெல்ல வீங்கி, 1944 ஜூனில் வெடித்து, 1945 செப்டம்பருக்குள், இன்று கடல்மட்டத்துக்கு மேல் 398 மீட்டர் உயரமுள்ள ஒரு புது மலையாகி நின்றது. யுத்தகாலம், மக்கள் கலங்குவார்கள் என்று அரசு செய்தியை அடக்கி வைத்தது, நிபுணர்களும் வந்து தங்கக்கூடவில்லை, புகைப்படச் சுருளும் அருமை. மிமாட்சு தம் தபால் நிலையத்துக்குப் பின்னால் கம்புகளுக்கிடையே நூல்களைக் கிடையாக இழுத்துக் கட்டினார். பார்வை இம்மியும் பிசகாதிருக்க மோவாயை ஒரு தாங்கியில் பொருத்திக்கொண்டார். நூல்களின் ஊடே மலை எந்த மட்டத்துக்கு ஏறியிருக்கிறது என்பதை நாள்தோறும் காகிதத்தில் வரைந்து வந்தார். அந்த வரைபடம் 1948-இல் ஓஸ்லோவில் கூடிய சர்வதேச மாநாட்டில் நிபுணர்களின் வியப்புக்குரியதாகி, அவர் பெயராலேயே இன்று வழங்குகிறது. வயலை இழந்த குடியானவர்களிடமிருந்து அந்தப் பாழான, புகையும் நிலத்தை 1946-இல் அவர் பணம் கொடுத்து வாங்கினார். சுடப்பட்ட மண் செங்கல் நிறம் கொண்டு நிற்கும், ஷோவா ஷின்சான் என்று பெயர் பெற்ற அந்தப் புது மலையின் அடியில் இப்போது அவருக்கு ஒரு சிலை இருக்கிறது. வணங்கும் கோலத்தில் அல்ல, அளக்கும் கோலத்தில்.

ஒன்றை உடைமையாக்கிக்கொண்டும் அதனிடம் எதையும் எதிர்பாராமல் இருப்பதை வைராக்கியம் என்று சொல்லலாமானால், வயலாக இருந்தபோது எவருக்கோ சோறு போட்டு, மலையான பின் எவருக்கும் உதவாத நிலத்தை விலைக்கு வாங்கிய அந்தச் செயலைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அவர் துறக்கவுமில்லை, மோகிக்கவுமில்லை. மோவாயைத் தாங்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தர் பரிநிர்வாணத்துக்கு முன் சீடர்களுக்குக் கடைசியாக வற்புறுத்தியது, தோன்றியவை யாவும் அழியும் என்பதோடு நிற்கவில்லை. ஆகையால் அயராமல் முயலுங்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டது. முதற்பாதியையே நாம் அதிகமாகப் பிரசங்கம் செய்கிறோம்.

இரண்டாம் பாதி 2000-இல் பயன்பட்டது. வெடிப்பதற்கு முன் தவறாமல் பூமியை அதிரச் செய்து அறிவிக்கும் இயல்பினால், ஊசுவைப் பொய் சொல்லாத மலை என்பார்கள். 1995-இலேயே சுற்றுவட்டாரத்து ஊர்கள் அபாய வரைபடம் வெளியிட்டிருந்தன. 2000 மார்ச் 27-இல் அதிர்வு தொடங்கியது. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்து ஒகாடா ஹிரோமு போன்றவர்கள் வெடிப்பு நெருங்குகிறது என்று உறுதியாகச் சொன்னார்கள். பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஊரைவிட்டு அகன்றார்கள். 31-ஆம் தேதி பிற்பகல் மலை பிளந்தது. அறுபதுக்கு மேற்பட்ட வாய்கள் திறந்தும் ஓர் உயிரும் போகவில்லை. திரும்பி வந்தவர்கள் எல்லாவற்றையும் மீட்டுக் கட்டவில்லை. முதல் மாடி வரை சேறு புகுந்த குடியிருப்பு ஒன்றும், பொதுக் குளியலகம் ஒன்றும் இடிபாடாகவே விடப்பட்டிருக்கின்றன. தார்ச்சாலை படிப்படியாக ஒடிந்து நீரில் அமிழ்ந்து கிடக்கிறது. மலைக்கு இவ்வளவு, எங்களுக்கு இவ்வளவு என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்று தோன்றியது.

இத்துடன் நிறுத்தியிருந்தால் எனக்கும் திருப்தியாயிருக்கும். ஆனால் ஜப்பானில் ஒன்டாகே என்று ஒரு மலை இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக வெள்ளாடை யாத்திரிகர்கள் ஏறி வழிபடும் புண்ணிய மலை. 2014 செப்டம்பர் 27 அன்று, அபாய எச்சரிக்கை மிகக் கீழ்ப்படியில் இருந்த நிலையில், மலையேறுவோர் உச்சியில் நிறைந்திருந்த நண்பகலில் அது வெடித்தது. இறந்தோரும் காணாமற்போனோருமாக 63 பேர். அங்கே அயராமை எவருக்குத் துணை நின்றது? ஊசுவிடம் நன்றி சொல்லலாம். சொன்ன சொல் தவறாத ஒருவரிடம் சொல்வதுபோல் கூச்சமின்றிச் சொல்லலாம். ஒன்டாகேயிடம் அதே வாயால் என்ன சொல்வது? கர்மம் என்பவருக்கும் லீலை என்பவருக்கும் இறந்தவர்களின் தாய்மார் முன்னால் நின்று அதைச் சொல்லும் துணிவு இருக்குமா என்று தெரியவில்லை. அந்த இடத்தில் எனக்குக் கைகொடுக்கக்கூடியவர், மதுக்கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, இது உன் பதவிக்கு அடுக்குமா என்று கேட்ட அந்த ஐனு முதியவர் ஒருவர்தான். அவர் கேட்டபின்னும் அந்தத் தெய்வத்தோடு உறவை முறித்துக்கொள்ளவில்லை.