யந்திரத்தின்மீது ஐயம்

துப்பாக்கியின் வரைபடத்தை வைத்திருப்பதே குற்றமாகுமா? இது வெறும் தர்க்கமன்று. 2013 மே மாதத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் நிறுவனம் ஒன்று, பெரும்பாலும் பிளாஸ்டிக்காலான கைத்துப்பாக்கியின் கணினி வரைபடத்தை இலவசமாக வெளியிட்டது. சர்க்கார் தடுப்பதற்குள் ஏறக்குறைய ஓரிலட்சம் பிரதிகள் பரவிவிட்டன.

அதன்பின் சட்டங்கள் பிறந்தன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2015இல் அவ்வரைபடம் வைத்திருப்போர்க்கு 14 ஆண்டு வரை சிறை விதித்தது. நமது சிங்கப்பூரும் 2021இல் அனுமதியின்றி அதனை வைத்திருப்பதைக் குற்றமாக்கிற்று. இவற்றை நாம் குறை கூறோம். துப்பாக்கிக்கன்றி வேறெதற்கும் உதவாத வரைபடத்தைச் சேமிப்பவனை ஐயுறுதல் நியாயமே.

நிற்க. நியூயார்க் சட்டசபையில் 2023இல் வந்த மசோதாவோ, துப்பாக்கி செய்யவல்ல முப்பரிமாண அச்சுயந்திரத்தை வாங்க வருபவனுடைய குற்றப் பதிவையே ஆராயவேண்டும் என்றது. இதற்கு நம் மனம் ஒப்பவில்லை. அவ்வியந்திரம் உருக்கிய பிளாஸ்டிக்கைப் படலம் படலமாக இடுவதன்றி வேறறியாது. துப்பாக்கிக் குழலும் தண்ணீர்க் குழாயும் அதற்கு ஒன்றே. கையற்ற குழந்தைகளுக்குச் செயற்கைக் கை செய்தளிக்கும் தொண்டர்களும் அதையே வாங்குகின்றனர். பாராங் கத்தி வாங்கச் செல்லும் தோட்டத் தொழிலாளியிடம், "நீ எவரையும் வெட்டியதில்லை என்பதற்கு அத்தாட்சி எங்கே?" எனக் கடைக்காரன் கேட்பானாயின் நாம் பொறுப்போமா?

உயிர் போனபின் உரிமை எதற்கு என்பாரும் உளர். வலிய வாதந்தான். ஆனால் இவ்வியந்திரங்களுட் சில, தம் உறுப்புகள் பலவற்றைத் தாமே அச்சிட வல்லன. கடைவாயிலில் நிறுத்தப்படுபவன் பள்ளி ஆசிரியனாயிருப்பான். கொலைக்குத் துணிந்தவன் அவ்வழியே வரவேண்டிய அவசியமில்லை.