அர்தலுல் உமுர்: மறதி நோயும் பிள்ளைகளின் கடமையும்

 

ஓர் ஆசிரியர் சிறுவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதைப் போல, ஸஅது பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் தம் பிள்ளைகளுக்கு ஒரு துஆவைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று புகாரீயில் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் தொழுகைக்குப் பின் கேட்ட துஆ அது. கோழைத்தனம், கப்ருடைய வேதனை இவற்றோடு சேர்த்து, "அர்தலுல் உமுர்" என்னும் மிகத் தளர்ந்த வயதுக்குத் தள்ளப்படுவதை விட்டும் அதில் பாதுகாப்புத் தேடினார்கள். எல்லாம் அறிந்திருந்த மனிதன் எதையும் அறியாதவனாக ஆகிவிடும் அந்த நிலையை, அந்நஹ்ல் சூராவின் 70ஆம் வசனத்திலும் அல்லாஹ் நினைவூட்டுகிறான்.

அந்த நிலை இன்று நம் மஹல்லா வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. அஸர் தொழுதுவிட்டு வந்த அத்தா, "அஸருக்கு பாங்கு சொல்லியாச்சா?" என்று கேட்கிறார். சொன்னால் தலையாட்டுகிறார். ஐந்து நிமிடத்தில் திரும்பவும் கேட்கிறார். நாற்பது வருடம் நடந்த தெருவில் வீடு தெரியாமல் நிற்கிறார். மகனின் பெயர் நாவில் வரவில்லை. ஆனால் ஃபாத்திஹா சூராவைப் பிழையில்லாமல் ஓதுகிறார். இதைப் பார்த்துத்தான் சிலர், "அத்தா நடிக்கிறார்" என்று சொல்லிவிடுகிறார்கள். அது நடிப்பல்ல. இளமையில் ஆழப் பதிந்தது கடைசியில்தான் அழியும். நேற்று நடந்தது முதலில் போய்விடும்.

1906ல் ஜெர்மனியில் அல்சைமர் என்ற மருத்துவர், இறந்துபோன ஒரு பெண்மணியின் மூளையை ஆராய்ந்து இந்த நோயை விவரித்தார். அமிலாய்டு, டாவ் என்ற இரண்டு புரதங்கள் மூளையில் தேங்கி, நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகின்றன. இது ஏன் தொடங்குகிறது என்பது முழுமையாகத் தெரியவில்லை. வயதும் பரம்பரையும் நம் கையில் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, மது, காது கேளாமையைக் கவனிக்காமல் விடுவது, படிப்பில்லாமை ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. இவற்றில் பலவற்றை நம்மால் குறைக்க முடியும். மதுவைப் பற்றி இந்த ஊரில் நான் நீட்டிப் பேச வேண்டியதில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட ஜனாஸாக்களைப் பார்த்த ஊர் இது.

நம் நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயோடு இருப்பதாக 2023ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்களை விடப் பெண்களிடமும், நகரத்தை விடக் கிராமத்திலும் அதிகம். பள்ளிக்கூடம் போகாத நம் பாட்டிமார்களையும், கல்வராயன் மலையிலுள்ள மூதாட்டிகளையும் நினைத்துப் பாருங்கள்.

"வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடலாமா? நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்யுங்கள் என்றார்கள் பெருமானார் (ஸல்). மருந்தில்லாதது முதுமை ஒன்றுதான் என்றும் சொன்னார்கள். மறதி நோய் முதுமை அல்ல, அது நோய். முதியவர்களில் பெரும்பாலோருக்கு அது வருவதில்லையே!

சிலர் ஜின், செய்வினை என்று தாயத்துக்கு அலைகிறார்கள். ஓதிப் பாருங்கள், தடுக்கவில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் தள்ளிப்போடாதீர்கள். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் தலைக்குள் ரத்தம் கட்டியது ஆகியவையும் இதே மறதியாகக் காட்டும். அவற்றைக் குணப்படுத்த வழி உண்டு. கவனிக்காமல் அல்சைமர் என்று முடிவுகட்டினால் எவ்வளவு பெரிய அநியாயம்! முன்பு இதற்கெல்லாம் வெளியூர் போனோம். இப்போது சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வருகிறவருக்கு அதுவும் தூரம்தான். பேருந்து நிலையத்தில் வழி தெரியாமல் நிற்கும் முதியவர் எந்த மதத்தவரானாலும், கைபிடித்துச் சேர்த்துவிடுங்கள்.

அல்சைமரை முழுவதும் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. இருக்கிறது என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தை இழக்காதீர்கள். டோனபெசில், மெமான்டின் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் உதவும். அமிலாய்டை அகற்றும் லெக்கானமாப் என்ற ஊசிக்கு 2023ல் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்தது. அது ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு நோயின் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வரலாம்.

மற்றதெல்லாம் கித்மத். முதுமை அடைந்த பெற்றோரிடம் "சீ" என்றுகூடச் சொல்லாதீர்கள் என்ற கட்டளை, பத்தாவது முறை அதே கேள்வியைக் கேட்கும் அத்தாவுக்கும்தான். அவரோடு வாதாடாதீர்கள். இறந்துபோன அம்மாவைத் தேடினால், மௌத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக அறிவிக்காமல், அம்மாவைப் பற்றிப் பேசவிடுங்கள். சட்டைப்பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு வையுங்கள். லுஹரை ஐந்து ரக்அத் தொழுதார் என்று திட்டாதீர்கள். புத்தி நீங்கியவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது. கேள்வி கணக்கு இப்போது நமக்குத்தான். ஆரம்ப நிலையில் இருப்பவரின் தொழுகை, நோன்பு பற்றி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை ஆண்களிடம் சொல்ல வேண்டும். இந்தக் கித்மத்தை மருமகள் தலையில் ஏற்றிவிட்டு, சுவனம் மட்டும் தனக்கு என்று நினைக்கும் மகன்கள் இருக்கிறார்கள். உடம்பைக் கழுவிவிடுவதும் துணி மாற்றுவதும் முதலில் மகனுடைய வேலை. இரவு விழித்திருந்தவள் பகலில் தூங்கட்டும். யோசனை கேட்க, முதியோருக்கான அரசு உதவி எண் 14567 இருக்கிறது, கட்டணம் கிடையாது.

யா அல்லாஹ்! எங்களை அர்தலுல் உமுரை விட்டும் பாதுகாப்பாயாக. அந்நிலையில் உள்ள எங்கள் பெற்றோருக்கு இரக்கம் காட்டுவாயாக. அவர்களுக்காக விழித்திருப்பவர்களுக்கு உடல் பலத்தையும் பொறுமையையும் தருவாயாக. ஆமீன்.