வாங்குவது செவியா, விழியா?

ஒரு பொருளின் விலையை விற்பவர் சொல்லிவிடுவார். அதன் பயனை வாங்குபவரே ஆராய்ந்து அறிதல் வேண்டும். ஆராயும் பொறுப்பையும் விற்பவரிடமே விட்டுவிடுவது அறமாகுமா? வீட்டு ஒலிக்கருவிகளுக்கு வாங்கும் துணைப்பொருள்களை வைத்தே இவ்வினாவை எண்ணிப் பார்க்கலாம்.

பினாங்கு மக்களுக்கு மின்னணுத் தொழில் புதிதன்று. 1969இல் தீவு தீர்வையற்ற துறைமுகம் என்னும் தகுதியை இழந்தது; வேலையின்மை வாட்டியது. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. அங்கு முதலில் வந்த எட்டு நிறுவனங்களுள் ஒலிக்கருவிகள் செய்யும் கிளாரியனும் ஒன்று. கருவிகளைச் செய்த கைகளே பின்னர் அவற்றை வாங்கும் கைகளாகவும் ஆயின. அதில் குற்றமில்லை. நாளெல்லாம் உழைத்தவர் மாலையில் நல்லிசை கேட்டு மகிழ்வதை அறம் தடுப்பதில்லை.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? ஒலிபெருக்கியை இணைக்கும் கம்பியை எடுத்துக்கொள்வோம். 1.5 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள சாதாரணச் செம்புக்கம்பி 5 மீட்டர் தொலைவுக்குப் போய்வர 10 மீட்டர் ஆகும். அதன் மின்தடை ஏறத்தாழ 0.11 ஓம். ஒலிபெருக்கியின் தடை 8 ஓம் எனின், கம்பியின் பங்கு ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு. அவ்வேறுபாட்டைச் செவி உணர்வது அரிது. ஆயினும் பொன்முலாம் பூசிய முனைகளும் பளபளக்கும் உறையும் கொண்ட கம்பி பன்மடங்கு விலைக்கு விற்கிறது. அதை வாங்குவது செவியன்று, விழியே.

'என் பணம், என் விருப்பம்' என்பார் உளர். அதுவும் எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. அழகுக்காகவே வாங்குகிறேன் என அறிந்து வாங்குபவர் தம்மை ஏமாற்றிக்கொள்ளவில்லை. அழகை வாங்கிவிட்டு, ஒலியை வாங்கியதாக நம்புவதே தவறு. உண்மையறியும் கடமை பிறரிடத்து மட்டுமன்று, தன்னிடத்தும் உண்டு. அக்கடமை தவறும்போது வீடும் அல்லற்படும். விலையுயர்ந்த கம்பி கூடத்தை அழகுசெய்ய, அதே கருவிக்கு மின்சாரம் தரும் செருகி சிரிம் முத்திரையற்ற மலிவுப் பொருளாக இருந்தால், சிக்கனம் செய்யக்கூடாத இடத்தில் சிக்கனமும், தேவையற்ற இடத்தில் தாராளமும் காட்டியவராகிறோம். தீ விபத்துக்கு அழகு தெரியாது.

வரவு சிறிதாயினும் செலவு அதனை மிஞ்சாதிருந்தால் கேடில்லை என்பது வள்ளுவர் வலியறிதலில் காட்டும் நெறி. எஸ்.எம். முகமது இத்ரிஸ், 2019இல் மறையும்வரை, பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் வாயிலாக வீண் நுகர்வைக் கண்டித்து வந்தார். அவ்விருவர்க்கும் இடையே நூற்றாண்டுகள் பல; கவலையோ ஒன்றே.

மாணவர்க்கு இதனைக் கற்பிக்கத் தனிப்பாடநூல் வேண்டுவதில்லை. ஒரு பொருளை வாங்குமுன், 'இஃது எவ்வேலையைச் செய்யும்? அவ்வேலை எனக்குத் தேவையா? அண்டை வீட்டார் காணாவிடினும் இதனை வாங்குவேனா?' என்னும் மூன்று வினாக்களை எழுப்பப் பழக்கினாற் போதும். மூன்றாம் வினாவுக்கு நேர்மையாக விடையளிப்பவரை எவ்விளம்பரமும் எளிதில் வெல்லாது.