எந்தப் புலி

கரிசலில் புலி கிடையாது. மழை ஓய்ந்த காலையில் கோவில்பட்டிக்கு மேற்கே மலைத்தொடர் நீலமாகத் தெரியும். அந்தத் தொடரில் 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் வந்தது. இங்கே கிடை போடுகிறவர்களுக்கு நரி, வெறிநாய், திருடன், இடி, இவைதான் பயம். ஆனாலும் ஈரக் கரிசலில் குட்டியைத் தூக்கிப்போன தடத்தைக் குனிந்து பார்த்து, "நரியில்ல, நாய்தான்" என்று கிடைக்காரர் நிதானமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நீலகிரியின் டி23 புலி நினைவுக்கு வரும். எது செய்தது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அவர் கம்பை எடுப்பார்.

*

டி23 ஆண் புலி. வயது 13 இருக்கும். காட்டில் அது கிழப்பருவம். கூடலூர், மசினகுடிப் பக்கம் நான்கு பேரின் சாவு அதன் கணக்கில் எழுதப்பட்டது. 2021 செப்டம்பர் கடைசியில் தேவன் எஸ்டேட்டில் ஒரு தொழிலாளி. அக்டோபர் 1 அன்று மசினகுடியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர்.

கும்கி யானைகள் வந்தன. மோப்ப நாய்கள், ட்ரோன், மரத்துக்கு மரம் தானியங்கிக் கேமரா. எல்லாவற்றுக்கும் முன்னால், தடம் பார்க்கத் தெரிந்த குறும்பர்கள் நடந்தார்கள். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது. அதே புலியின் இடது விலாவும் வலது விலாவும்கூட ஒன்றல்ல. இரவில் விழுந்த படத்தைப் பழைய படத்தோடு வைத்து, வரி வரியாக ஒப்பிட்டு, இது அதுதான் என்று ஒருவர் சொல்ல வேண்டும். வேட்டையில் ஆகக் கடினமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன். துப்பாக்கி பிடிப்பது அதற்குப் பிறகுதான்.

*

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 11ஆம் பிரிவு. பிடிக்கவோ, மயக்கவோ, வேறிடம் கொண்டுபோகவோ முடியாது என்று தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு உறுதியானால்தான் புலியைக் கொல்ல உத்தரவிட முடியும். டி23ஐ வேட்டையாட உத்தரவு வந்தது, வழக்கும் வந்தது. உடனே கொன்றுவிட வேண்டாம் என்றது சென்னை உயர்நீதிமன்றம். அக்டோபர் 14 இரவு மயக்க ஊசி பட்டும் புலி நழுவியது. மறுநாள் சிக்கியது. 21 நாள் தேடல். உடம்பில் காயங்கள். மைசூருக்கு ஏற்றிப்போனார்கள்.

2014 ஜனவரியில் தொட்டபெட்டா பக்கம் மூவரைக் கொன்ற புலிக்கு அப்படி வாய்க்கவில்லை. பள்ளிக்கூடங்களை மூடிவைத்துத் தேடினார்கள், சுட்டார்கள். அதையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. பிள்ளையை எந்தத் தைரியத்தில் தேயிலைக்குள் நடந்துபோகச் சொல்வது?

*

புலி ஏன் ஆளைத் தேடி வருகிறது என்பதற்கு ஒரு பழைய கதை. 1907இல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலியின் கணக்கில் 436 உயிர்கள். அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்க மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. கீழ்ப்பல் எலும்புவரை போயிருந்தது. பழைய துப்பாக்கிக் காயம். மானைப் பிடித்து நிறுத்த முடியாத வாய் அது. அந்தக் குண்டைச் சுட்டவர் யாரோ, தன் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போயிருப்பார். குமாவுன் மலையில் புல்லறுக்கப் போன பெண்கள் அதற்கு விலை கொடுத்தார்கள்.

*

இந்தப் புலிகளிடம் செத்தவர்கள் பெரும்பாலும் மாடு மேய்த்தவர்கள், விறகு பொறுக்கியவர்கள், புல்லறுக்கக் குனிந்தவர்கள். பருத்தி எடுக்கும்போது நாளெல்லாம் குனிந்தே நிற்கும் எங்கள் ஊர்ப் பெண்களை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு வாரம் காட்டுக்குப் போகாதே என்றால் இங்கே எந்த வீட்டில் உலை கொதிக்கும்?

சரியான புலியைத் தேடி 21 நாள் பொறுத்தது நியாயம். அந்தப் பொறுமைக்கு மசினகுடியின் மாட்டுக்காரர்களும் எஸ்டேட் கூலிகளும் மட்டும் விலை கொடுக்கக் கூடாது. இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுப்பதோடு, தேடல் நடக்கும் நாட்களுக்கு மாட்டுக்கு வைக்கோலும் ஆளுக்குக் கூலியும் வீடு தேடிப் போக வேண்டும். வனத்துறை வண்டி ஊருக்குள் நுழைகிற முதல் நாளே.