அடைத்த வாசலுக்கு நியாயம் உண்டா?

வாசலைத் திறக்கச் சொல்லிப் போராடிய மண் நாஞ்சில் நாடு. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீரெடுக்கச் செய்தார். 1925இல் குமரிமுனைக்கு வந்த காந்தி, இங்கிலாந்து போய்வந்தவர் என்ற காரணத்தால் அம்மன் கோயிலின் உட்பகுதிக்குள் விடப்படவில்லை. மறு ஆண்டு சுசீந்திரத்தில், தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று டாக்டர் எம். இ. நாயுடு தலைமையில் சத்தியாகிரகம் தொடங்கியது. கோயில் கதவு திறக்க 1936 நவம்பர் 12ஆம் தேதியின் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த வரலாற்றை மறக்காத ஒருவர் இன்று நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனைக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ லினக்ஸ் கணினியில் தரவுத்தள சர்வரை நிறுவ உட்கார்ந்தால், அந்தத் தொழிலின் முதல் விதியே அவரை உறுத்த வேண்டும். எல்லோரையும் மறு, பிறகு தேவையானவரை மட்டும் அனுமதி என்கிறது அது. மறுப்பையே இயல்பாகவும் அனுமதியை விலக்காகவும் வைக்கும் ஓர் ஏற்பாட்டுக்கு அறத்தில் இடம் உண்டா? உண்டு என்பதே என் முடிவு. ஆனால் அந்த இடம் எதனால் கிடைக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால், பழைய பூட்டுக்கும் புதிய பூட்டுக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும்.

முதலில் அந்த விதி நடைமுறையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தரவுத்தள சர்வரை நிறுவினால், 'போஸ்ட்கிரெஸ்' என்று தனிப் பயனர் கணக்கு ஒன்று உருவாகும். தரவுக் கோப்புகள் அதன் பெயரில் இருக்கும். எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கில் இந்த சர்வரை இயக்க முயன்றால், அது இயங்க மறுத்துவிடும். தொடக்கத்தில் தன் கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்புக்கு மட்டுமே செவிகொடுக்கும். வெளியிலிருந்து யார் வரலாம் என்பதை ஒரு கோப்பில் வரிவரியாக எழுத வேண்டும். எந்த முகவரியிலிருந்து, எந்தத் தரவுத்தளத்துக்கு, எந்தப் பயனர், எந்த முறையில் தன்னை மெய்ப்பிக்க வேண்டும் என்பது ஒவ்வொரு வரியிலும் இருக்கும். மேலிருந்து கீழாகப் படிக்கும்போது முதலில் பொருந்தும் வரியே தீர்ப்பு. எதுவும் பொருந்தாவிட்டால் அனுமதி இல்லை. 2022இல் வந்த 15ஆம் பதிப்பு, பொது இடத்தில் யார் வேண்டுமானாலும் அட்டவணை உருவாக்கலாம் என்ற பழைய சலுகையையும் நீக்கியது. இதற்கெல்லாம் அடிப்படையான கருத்தை 1975இலேயே கணினி ஆய்வாளர்களான சால்ட்சரும் ஷ்ரோடரும் ஒரு கட்டுரையில் வகுத்துவிட்டார்கள்: ஒருவருக்கு அவர் வேலைக்கு வேண்டிய அளவு அதிகாரம் போதும், ஐயம் வந்தால் மறுப்பதே இயல்பாக இருக்கட்டும்.

இதைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2017 தொடக்கத்தில் உலகம் சான்று கண்டது. கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் திறந்துகிடந்த மாங்கோடிபி தரவுத்தளங்கள் பல்லாயிரக்கணக்கில் அழிக்கப்பட்டன; அழித்தவர்கள் பணயத்தொகை கேட்டுக் குறிப்பு விட்டுச்சென்றார்கள். கவனிக்க வேண்டியது, இழப்பு யாருடையது என்பதை. சர்வரை நிறுவியவர் வேறு வேலைக்குப் போய்விடலாம். அட்டவணையில் பெயர் இருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. மனநல மருந்து எடுப்பவர், எச்ஐவி சோதனை செய்துகொண்டவர், நகையை அடகு வைத்தவர், இவர்களுடைய வாழ்க்கையின் ஒரு துண்டு அந்தக் கணினியில் இருக்கிறது. அதைத் திறந்துபோட்டவரை ஜனநாயகவாதி என்று யாரும் கொண்டாட முடியாது.

இங்கே எழும் வலுவான மறுப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சுசீந்திரத்துத் தெருவை அடைத்தவர்களும் காப்பதாகத்தானே சொன்னார்கள்? கோயிலின் தூய்மையைக் காப்பது என்பதுதானே அவர்களுடைய வாதம்? ஆம். அந்த வாதம் தவறியது காப்பது என்ற கருத்திலன்று, எதைக் காப்பது என்பதில். கடவுளை நம்புகிறவர் யாராயினும், ஒரு மனிதர் அருகில் வருவதால் கடவுளுக்குக் குறை நேரும் என்று சொல்ல முடியாது. அப்படிக் குறைபடுவது கடவுளாக இருக்க முடியாது. ஆகவே அந்தப் பூட்டு, காப்பு தேவைப்படாத ஒன்றைக் காப்பதாகச் சொல்லி, காப்பு தேவைப்பட்ட மனிதரைப் புண்படுத்தியது. மனிதர் நிலை வேறு. அவருடைய நோயும் கடனும் அந்நியருக்குத் தெரிந்தால் வேலை போகலாம், திருமணம் நிற்கலாம். புண்படக்கூடியவருக்காக மட்டுமே பூட்டு நியாயமாகும். இன்னொன்றும் உண்டு. பிறப்பால் விலக்கப்பட்டவர் எந்தச் செயலாலும் அந்த விலக்கை நீக்கிக்கொள்ள வழியில்லை. விலக்கியவரையோ அது கட்டுப்படுத்தவே இல்லை. ஒழுங்காக அமைத்த தரவுத்தளத்தில் அனுமதி வேலையோடு வருகிறது, வேலை முடிந்ததும் போகிறது, சாவி வைத்திருப்பவரையும் கட்டுப்படுத்துகிறது. ரூட்டாக இயங்க மறுக்கும் அந்த நிரலை நான் மதிப்பது இதனால்தான்.

இதற்கும் எதிர்வாதம் உண்டு. தரவுத்தளத்துக்குள் ஒரு தலைமைப் பயனர் இருக்கிறாரே, அவர் எல்லாவற்றையும் பார்க்கலாமே என்று கேட்கலாம். கேள்வி சரியானது. ஒவ்வொருவரும் தமக்குரிய வரிகளை மட்டும் காணும் ஏற்பாடு போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 9.5 முதல் இருக்கிறது. தலைமைப் பயனரை அது தடுக்காது. மறையாக்கச் சாவியை வேறோர் இடத்தில் வைக்கலாம். யார் எதைத் தொட்டார் என்ற பதிவை அவர் கைக்கு எட்டாத இன்னொரு கணினிக்கு அனுப்பலாம். அப்போதும் கடைசியில் ஒரு மனிதரை நம்பியே ஆக வேண்டும். நம்பிக்கை தவிர்க்க முடியாதது என்பதற்காக அதை எல்லையற்றதாக விட்டுவிட வேண்டியதில்லை. எல்லாம் தெரிந்திருப்பதும் எல்லாம் செய்ய முடிவதும் இறைவனுக்குரிய இலக்கணங்கள். அவற்றை மாதச் சம்பளம் வாங்கும் ஒருவருக்குக் கொடுப்பது அவருக்கே செய்யும் தீங்கு. கேட்டுவரும் உறவினரிடமும் மிரட்டும் அரசியல்வாதியிடமும் 'என்னால் முடியாது' என்று உண்மையாகச் சொல்லும் பலத்தை அது அவரிடமிருந்து பறித்துவிடுகிறது.

மிகக் கடினமான மறுப்பு இந்தக் குமரி மாவட்டத்தின் கடற்கரையிலிருந்தே வருகிறது. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். காணாமல் போனவர்கள் யார், எத்தனை பேர் என்பதில் அரசின் கணக்கும் கடலோரத் தேவாலயப் பங்குகளின் கணக்கும் நெடுநாள் ஒத்துப்போகவில்லை. அத்தகைய நாளில் கடலுக்குப் போனவர்களின் பூட்டிய பட்டியல் உயிரைக் காக்குமா, கொல்லுமா? கொல்லக்கூடும். அதனால் மிகக் குறுகலாக எழுதிய விதியும், கடவுச்சொல் இல்லாமல் திறந்துபோட்ட சர்வரும் ஒரே அளவு தவறானவை என்றே கொள்கிறேன். பெயர், படகின் பதிவெண், கரையிலிருந்து புறப்பட்ட நாள் ஆகியவற்றை மட்டும் காட்டி, கடன் விவரத்தையும் மருத்துவ விவரத்தையும் காட்டாத ஒரு தனிப் பார்வையைத் தரவுத்தளத்தில் அமைக்க முடியும். மீட்புக் குழுவுக்கென ஒரு கணக்கைத் திறந்து, அதன் கடவுச்சொல்லுக்குக் காலாவதி நாள் குறிக்கவும் முடியும். இவை ஒரு மதியத்தில் முடியக்கூடிய வேலைகள். யாருக்கு எதைக் காட்டுவது என்று தீர்மானிப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். பட்டியலில் பெயருள்ள குடும்பங்களோடு உட்கார்ந்து பேசாமல் அதைத் தீர்மானிக்கவும் முடியாது. அந்தப் பேச்சை அடுத்த புயல் எச்சரிக்கை வரும்வரை தள்ளிவைக்கக் கூடாது.