மரக்கலமும் மறுகரையும்



மும்மணிகளைச் சரணடைந்து, பஞ்சசீலத்தை ஏற்று, இந்த முழுமதி நாளில் கூடியிருக்கும் உங்களிடம் இன்று ஒரு கப்பலைப் பற்றிப் பேச விழைகின்றேன். அறங்கேட்க வந்த இடத்தில் கப்பற்கதை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பகவன் புத்தர் உழவனிடம் ஏரையும் நுகத்தையும் கொண்டு அறம் உரைத்தார். இசை பயின்ற சோணரிடம் வீணையின் நரம்பைக் கொண்டு உரைத்தார். கேட்போர் அறிந்த பொருளைக் காட்டி, அவர் அறியாத பொருளை உணர்த்துவதே அப்பெருமானின் வழக்கம். அவ்வழியைப் பின்பற்றி, நம் காலத்துக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

மரக்கலம் என்பது இக்கரையிலிருந்து அக்கரை சேர்வதற்கு ஏற்பட்ட கருவி. ஏறுவதும் இறங்குவதும் அதன் இலக்கணம். ஆனால், குடியிருப்பதற்கென்றே சில கப்பல்கள் இப்பொழுது கடலில் ஓடுகின்றன. 2002-ஆம் ஆண்டு பயணம் தொடங்கிய ‘தி வேர்ல்ட்’ என்னும் கப்பல் அவற்றுள் பெயர் பெற்றது. ‘உலகம்’ என்பதே அப்பெயரின் பொருள். ஏறத்தாழ 196 மீட்டர் நீளமுள்ள அக்கலத்தில் 165 வீடுகள் உள்ளன. வீடுகளை வாங்கியோரே கப்பலுக்கும் உடைமையாளர். எந்தக் கடலுக்குச் செல்வது, எந்தத் துறையில் எத்தனை நாள் தங்குவது என்பதையும் அவர்களே கூடி முடிவு செய்கின்றனர். அது பெருஞ்செல்வர்க்கே இயல்வது.

அவ்வளவு செல்வம் இல்லாதோர் நாடும் கப்பலும் உண்டு. 1993-ல் கட்டப்பட்டு, வேறு பெயர்களில் ஓடிய பழைய கலம் ஒன்று ‘வில்லா வீ ஒடிஸி’ என்னும் பெயரில் குடியிருப்புக் கப்பலாயிற்று. உலகை ஒருமுறை சுற்றிவர அதற்கு மூன்றரை ஆண்டு வகுத்தனர். 2024 மே மாத இறுதியில் பெல்பாஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்படவேண்டிய அது, சுக்கான் பழுது முதலியவற்றால் ஏறத்தாழ நான்கு மாதம் அங்கேயே நின்றது. வந்து காத்திருந்தோர் பகலில் கப்பலில் ஏறி உண்டு உலாவினர். இரவில் இறங்கி வேறிடத்தில் உறங்கினர். இதற்கு முந்திய ஆண்டில், மூன்றாண்டுக் கடற்பயணம் என்று அறிவிக்கப்பட்ட மற்றொரு முயற்சி, கப்பலே கிடைக்காமல் 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. அதை நம்பி வீட்டை விற்றோரும் உண்டு. நிலத்து வீடு போயிற்று. நீர்மேல் வீடும் வாய்க்கவில்லை.

நண்பர்களே, இவர்களை நகைப்பது நம் நோக்கமன்று. இவர்களுள் பலர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதியோர். துணையை இழந்து தனித்திருப்போரும் உளர். வெறுமையான வீட்டில் ஒருவருக்காக அடுப்பு மூட்டுவதன் துயரம் நாம் அறியாததா? சமைக்க வேண்டாம், துணி வெளுக்க வேண்டாம், கூரை ஒழுகுமோ என்னும் கவலை வேண்டாம். விழித்தெழுந்தால் புதியதொரு கரை. இதனை ஒருவர் விரும்பினால் அதில் வியப்பென்ன? அதற்காக அவர்கள் நாற்காலி, மேசை, பாத்திரம், புத்தகம் எல்லாவற்றையும் விற்றும் கொடுத்தும், இரண்டு மூன்று பெட்டிகளோடு ஏறுகின்றனர். புறத்தே பார்த்தால் அது துறவு போலவே தோன்றும்.

ஆயினும் அது துறவாகுமா? இதையே நாம் ஆராய வேண்டும்.

முதல் மாதத்தில் ஒவ்வொரு துறைமுகமும் விருந்தாயிருக்கும். பத்தாவது மாதத்தில், இந்தக் கோபுரம் முன்பு கண்ட கோபுரம் போன்றதே என்று தோன்றும். உணவு மண்டபத்தில் தமக்கு வழக்கமான மேசையில் பிறர் அமர்ந்துவிட்டால் மனம் சுளிக்கும். அடுத்த அறைக்காரரின் இருமல் பகையாகும். ஊரில் அண்டை வீட்டாரோடு இருந்த பிணக்கு, பெயரை மாற்றிக்கொண்டு இங்கே வந்து நிற்கும். பெட்டிகளை எண்ணி ஏற்றியவர், எண்ணாமல் ஏற்றிய ஒன்று உண்டு. அதுவே வேட்கை. அதற்குப் பயணச்சீட்டும் வேண்டுவதில்லை. இடம் மாறினால் துன்பம் தொலையும் என்று எண்ணிப் பிறவிதோறும் நாம் அலைகின்றோம் என்பதன்றோ ததாகதரின் போதனை? பிறவியைச் சக்கரம் என்றனர் ஆன்றோர். அக்கப்பலும் உலகைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருகின்றது.

இன்னொரு குறையும் அவ்வாழ்வில் உண்டு. அதை விளக்க நம் மணிமேகலைக் காப்பியத்திற் காணும் ஆபுத்திரன் வரலாறு துணை செய்யும். மதுரையில் சிந்தாதேவி அளித்த அமுதசுரபி அவன் கையில் இருந்தது. எத்தனை பேர்க்கு இட்டாலும் குறையாத பாத்திரம் அது. நாட்டில் மழை பெய்து பசி நீங்கியபின், உண்பாரின்றி அவன் வருந்தினான். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறினான். இடைவழியில் கலம் மணிபல்லவத் தீவில் தங்கிற்று, அவன் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணி மாலுமிகள் இரவில் கலத்தைச் செலுத்திவிட்டனர். மனிதரில்லாத அத்தீவில், தன் ஒருவனுக்கு மட்டும் உணவு தரும் பாத்திரமாக அமுதசுரபி இருப்பதை அவனால் பொறுக்க இயலவில்லை. அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர்நீத்தான் என்கிறது காப்பியம். அவன் இறந்த முறையை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. அவன் வருந்திய காரணத்தை உணர்ந்தால் போதும். குறைவற்ற உணவு இருந்தது. கேட்பதற்கு ஒரு கை இல்லை.

குடியிருப்புக் கப்பலில் உணவு குறைவதில்லை. ஆனால் அங்கே குடியிருப்பவரிடம் எவரும் ஒன்றும் கேட்பதில்லை. அவர் செய்யவேண்டிய வேலை ஒன்றுமில்லை. அவர் இல்லாவிட்டால் வருந்தும் குழந்தை இல்லை. அவர் நீரூற்ற வேண்டிய செடி இல்லை. அவர் உதவியை நாடிக் கதவு தட்டும் அயலார் இல்லை. பிறர்க்குப் பயன்படாத சுகம் ஓரளவுக்குப்பின் சுமையாகிவிடும். பேரப்பிள்ளைகளின் முகம் காண விழைந்து கப்பலைவிட்டு இறங்குவோர் தேடிச் செல்வது, தம்மை வேண்டுவோர் உள்ள இடத்தையே. தானம் என்பது பெறுபவருக்கு மட்டும் நன்மை என்று எண்ணற்க. கொடுப்பவனை மனிதனாக நிறுத்துவதும் அதுவே.

இல்லை, அக்கப்பலிலும் மனிதர் பலர் உண்டே என்பீர். உண்டு. அவர்கள் கீழ்த்தளத்தில் இருக்கின்றனர். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, நம் இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வந்து, படுக்கை விரிப்போரும், பாத்திரம் கழுவுவோரும், இயந்திரத்தைக் காப்போரும் அவர்களே. மேல்தளத்தில் உள்ளவர் எத்தனை நாடு கண்டோம் என்று எண்ணும்போது, கீழ்த்தளத்தில் உள்ளவர் ஊர் திரும்ப எத்தனை நாள் என்று எண்ணுகின்றார். ஒரே கலம், ஒருவர்க்கு அது வீடு, மற்றவர்க்கு வீட்டை விட்டுப் பிரிந்த இடம். 2006-ல் உருவாகி 2013-ல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, ஓராண்டு நிறையுமுன் மாலுமி ஊர் திரும்பும் உரிமையைக் கூறுகின்றது. ஆனால் 2020-ல் கொரோனாத் தொற்று பரவியபோது நடந்தது என்ன? மார்ச் மாதத்தில் ‘தி வேர்ல்ட்’ கப்பலில் குடியிருந்தோர் இறங்கித் தத்தம் இடம் சென்றனர். உலகெங்கும் சரக்குக் கப்பல்களிலும் பயணிக் கப்பல்களிலும் ஒப்பந்தக் காலம் முடிந்தும் இறங்க வழியின்றி நின்ற மாலுமிகள், அவ்வாண்டின் பிற்பகுதியில் ஏறத்தாழ 4,00,000 பேர். இறங்க விரும்பாதோர் இறக்கப்பட்டனர்; இறங்க ஏங்கியோர் இறங்க முடியவில்லை. விரும்பியது கிட்டாமையும் துக்கம், விரும்பியதைப் பிரிதலும் துக்கம் என்று பகவர் உரைத்த இரண்டும் ஒரே காலத்தில் ஒரே கடலில் காணப்பட்டன.

எனவே, இறங்குதல் என்பது எவர்க்கும் உண்டு. நோய் வந்தால் இறங்க வேண்டும். கப்பலில் மருத்துவர் இருப்பினும் பெரிய சிகிச்சைக்குக் கரையே கதி. பணம் தீர்ந்தால் இறங்க வேண்டும். இவை ஒன்றும் நேராவிடினும், கப்பலுக்கே மூப்பு வரும். 1990-ல் இத்தாலியில் கட்டப்பட்டுப் பல பெயர்கள் பூண்டு, 2019-ல் மும்பையிலிருந்து ‘கர்ணிகா’ என்னும் பெயரில் ஓடிய உல்லாசக் கப்பலை அறிந்திருப்பீர். அடுத்த ஆண்டின் முடிவில் அது குஜராத்தின் ஆலங் கடற்கரையில் உடைப்பதற்காகக் கரையேற்றப்பட்டது. அவ்வூர்ச் சாலையோரக் கடைகளில் கப்பல்களிலிருந்து கழற்றிய கட்டில்களும் நாற்காலிகளும் கோப்பைகளும் விலைக்கு அடுக்கப்பட்டிருக்கும். ஒருகாலத்தில் ஒருவர் ‘என் மேசை’ என்று உரிமை கொண்டாடிய மேசையும் அவற்றுள் இருக்கலாம். தொகுக்கப்பட்டவை அனைத்தும் பிரியும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமோ?

இறங்கிய பின்னும் ஒரு வியப்பு நிகழ்வதுண்டு. நெடுநாள் கடலில் இருந்தவர் கெட்டியான நிலத்தில் நிற்பார். ஆனால் தரை அலைபோல் அசைவதாக உணர்வார். சிலர்க்குச் சில மணி நேரத்திலும், சிலர்க்குப் பல நாள் கழித்தும் அது நீங்கும். மருத்துவர் அறிந்த நிலையே அது. கலத்தை விட்ட கணத்திலேயே கலத்தின் ஆட்டம் உடலை விடுவதில்லை. பழைய வழக்கத்தை விட்டோம் என்று வாயால் சொன்ன கணத்திலேயே அதன் ஆட்டம் நம்மை விடுவதில்லை என்பதையும் இதனால் அறிக. பொறுமையோடு தரையில் நடந்துகொண்டே இருந்தால் அது அடங்கும்.

இனி, அக்கப்பல் வாழ்வில் நான் போற்றும் செயல் ஒன்றைச் சொல்வேன். பயணிகள் ஏறியதும் அவர்களுக்கு ஆபத்துக்கால ஒத்திகை நடத்தவேண்டும் என்பது உலகக் கடற்சட்டம். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் முழங்கும். அது கேட்டால், செல்வரும் ஏழையும், கிழவரும் இளைஞரும், செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டுத் தமக்குக் குறித்த இடத்தில் கூடவேண்டும். மெய்யான ஆபத்து வந்தால் பெட்டியை எடுக்கலாகாது. நகை, படம், கடிதம் எதற்காகவும் காத்திருக்கலாகாது என்று அங்கே கற்பிக்கின்றனர். உயிர்காக்கும் அங்கியும் அமைதியான மனமும் போதும். ஊழியரோ இவ்வொத்திகையை மீண்டும் மீண்டும் செய்கின்றனர். பேரிடர் வரும்போது கற்றுக்கொள்ள நேரமிராது; ஆகவே அமைதியான நாளிலேயே பழகுகின்றனர். பகவர் கற்பித்த மரண நினைவு இத்தகைய ஒத்திகையன்றோ? அது அச்சத்தை வளர்க்கும் பயிற்சியன்று. இறங்கும் வேளையில் பெட்டியைத் தேடித் தடுமாறாமல் இருக்கும் பயிற்சி. வீட்டில் விளக்கேற்றி அமரும்போது நாள்தோறும் சில நொடி, ‘இன்று ஒலி கேட்டால் நான் எதை விட்டெழத் தயங்குவேன்?’ என்று உம்மையே வினவுங்கள். அதற்கு வரும் விடையே உம் பற்று இருக்கும் இடம்.

இறுதியாக ஒன்று. ததாகதர் தம் போதனையையே தெப்பத்துக்கு உவமித்தார். தெப்பம் கடப்பதற்கு, கடந்தபின் தலையில் சுமந்து திரிவதற்கன்று என்பது அவர் கருத்து. உபாசக உபாசிகைகளே! நாமும் ஒரு கரையை விட்டு வந்தவர்கள். நம்முள் முதியோர் பலர் அவ்வாறு விட்டு வந்த நாளை நன்கு நினைவில் வைத்திருப்பர். சரணம் சொல்லித் தெப்பத்தில் ஏறினோம், பெயர் மாறினோம், சுவரில் படம் மாற்றினோம். அம்மட்டில் நிறைவடைந்து தெப்பத்தின்மேல் நாற்காலி போட்டு அமர்ந்துவிட்டால், அக்குடியிருப்புக் கப்பலில் உள்ளோர்க்கும் நமக்கும் வேற்றுமை யாது? தெப்பத்தில் மேல்தளம் கீழ்த்தளம் இல்லை. ஏறிய ஒவ்வொருவரும் கைகளாலும் கால்களாலும் துழாவிக் கரை நோக்கிச் செல்லவேண்டும். சீலம் காத்தல், பசித்தவர்க்கு இடுதல், எளியவரைத் தாழ்வாக எண்ணாமை, மனத்தை நாள்தோறும் நோக்குதல் ஆகிய இவையே துழாவுதல்.

இங்கிருந்து எழுந்து வீடு செல்லும்போது, உம்மை வேண்டி நிற்பவர் ஒருவரையேனும் நினைவிற் கொண்டு செல்லுங்கள். இன்றிரவே அவர்க்குச் செய்யவேண்டியதைச் செய்யுங்கள். மறுகரை அத்திசையில் உள்ளது.

எல்லா உயிர்களும் துயர் நீங்கி இன்புறுக!

சாது! சாது! சாது!