இரண்டு கையெழுத்து

அக்கா மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் விவாகரத்து கிடைத்துவிட்டது. பரஸ்பர சம்மதம்தான். ராஜபாளையத்தில் இருவர் பெயரிலும் கடன் வாங்கிக் கட்டிய வீடு அவனுக்கு, மீதித் தவணையும் அவன் பொறுப்பு என்று மனுவிலேயே எழுதி ஒப்புக்கொண்டிருந்தார்கள். தீர்ப்பு நகலோடு வங்கிக்குப் போனோம். அங்கே கேட்ட பதில் இன்னும் என்னை விடவில்லை.

“தீர்ப்பு உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மேடம். கடன் எங்ககிட்ட வாங்கினது. எங்களுக்கு ரெண்டு பேரும்தான் பொறுப்பு.”

அதிகாரி கடுமையாகச் சொல்லவில்லை. பழைய விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படங்கள். பாதி படத்தின் மேலும் பாதி தாளின் மேலுமாகக் கையெழுத்துகள். அவன் கையெழுத்தின் கடைசி இழுப்பு அவன் படத்தைத் தாண்டி, அவள் படத்தில் தோள்பட்டை வரை ஏறியிருந்தது. “அன்னைக்கு அவசரத்துல போட்டது மாமா” என்றாள். அந்த நீலக் கோட்டை விட்டு அவள் கண் நகரவில்லை.

கூட்டாக வாக்குக் கொடுத்தவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 43-வது பிரிவு. கல்லூரியில் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டது. அப்போது அதில் எந்த முகமும் தெரியவில்லை. திருமணத்தை முடித்துக்கொள்வதில் சட்டம் இறங்கி வந்திருக்கிறது. பரஸ்பர சம்மதத்துக்கான ஆறு மாதக் காத்திருப்பைக்கூட, தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடன் அப்படி இறங்கி வராது.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தார். நூற்பாலையில் கணக்கு எழுதியவர். நண்பர் ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒரு கல்யாண வீட்டில் வார்த்தை தடித்து இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. நண்பர் கட்டாமல் விட்ட தவணைகளை அப்பா கட்டினார். “மூஞ்சியிலயே முழிக்காத மனுஷனுக்கு எதுக்குக் கட்டணும்?” என்று அம்மா கேட்பாள். “நான் வாக்குக் கொடுத்தது பணம் கொடுத்தவருக்கு” என்பார் அப்பா. அந்தப் பதிலில் எனக்குப் பெருமை இருந்தது. அம்மா அந்த வருஷம் தீபாவளிக்குச் சேலை எடுக்கவில்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.

வங்கியைத் திட்டவும் மனம் வரவில்லை. இரண்டு சம்பளத்தை நம்பித்தானே அவ்வளவு பணம் கொடுத்தார்கள்? ஒன்றை விட்டுக்கொடு என்றால் எப்படி விடுவார்கள்? அவன் வருமானம் மட்டுமே போதும் என்று வங்கிக்குத் திருப்தி ஏற்பட்டால், புது ஒப்பந்தம் போட்டு இவள் பெயரை எடுக்கலாம். இல்லையென்றால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றவேண்டும். அதுவும் முடியாவிட்டால் வீட்டை விற்றுக் கடனை அடைக்கவேண்டும். அவன் சம்பளம் மட்டும் போதவில்லை. வீட்டை விற்க அவனுக்கு மனமில்லை. இவளோ ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக்கு இருக்கிறாள். அவன் தவணை தவறினால் இவளுடைய சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து இறங்கும். நாளை தனக்கென்று ஒரு வீட்டுக்கு இவள் கடன் கேட்டால், வேறொருவன் குடியிருக்கும் வீட்டின் பாக்கி முன்னால் வந்து நிற்கும்.

அன்று அந்த இழுப்பு அவள் படத்தில் ஏறியபோது அவளுக்கு உறுத்தியிருக்காது. சந்தோஷமாகக்கூட இருந்திருக்கலாம். ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை போன பிறகும், அந்த நம்பிக்கையில் மூன்றாவது ஆளுக்குக் கொடுத்த வாக்கு நிற்கவேண்டுமா? அப்பாவைக் கேட்டால் நிற்கவேண்டும் என்பார். அம்மா என்ன சொல்வாள் என்பதும் எனக்குத் தெரியும். யார் பக்கம் நான் என்று எனக்கே இன்னும் தீர்மானமாகவில்லை.

பிரிவதென்று முடிவெடுத்தவர்களுக்கு ஒன்று சொல்வேன். வக்கீலிடம் மனு எழுதக் கொடுப்பதற்கு முன்னால் இருவரும் சேர்ந்து வங்கிக்குப் போங்கள். யார் பெயரை எடுப்பார்கள், எப்போது எடுப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். வீட்டில் உள்ள பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எப்போது பதிவாகும் என்பதையும் மனுவிலேயே சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.